திசு வளர்ப்புச் செடியில் இலை நிறம் மாறினால்: கடலோரத் தோட்டத்துக்கான சோதனை வரிசை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, தென்னந்தோப்பின் ஓரத்தில் நிழல்வலை கட்டி அழகுச் செடிகள் வளர்க்கிறேன். ஆய்வகத்தில் செடியின் சிறு துணுக்கிலிருந்து பெருக்கி, குழித்தட்டில் வரும் திசு வளர்ப்பு நாற்றுகளைக் கடினப்படுத்தி (வெளிக்காற்றுக்குப் பழக்கி), தொட்டிக்கு மாற்றி, ராமநாதபுரம், கீழக்கரை, ராமேசுவரம் வீடுகளுக்குக் கொடுப்பது என் தொழில். வாங்கிப் போனவர்கள் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வாங்கும்போது இருந்த நிறம் எங்கே போனது?" கேட்ட கையோடு, "திசு வளர்ப்புச் செடி என்றால் இப்படித்தான் மாறிவிடும் என்கிறார்களே" என்றும் சொல்வார்கள்.

அப்படி மாறுவது உண்மைதான். ஆனால் இந்தக் கடற்கரையில் என் கைக்கு வந்த நிறமாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தண்ணீரும் மணலும். பிறவி மாற்றம் என்று முடிவு கட்டி நல்ல செடியைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. கீழே உள்ள வரிசை நான் தினமும் பின்பற்றுவது. முதலில் செலவில்லாத சோதனை, கடைசியில் ஆய்வகக் கட்டணம்.

## மருந்தை எடுக்கும் முன்

செடிக்கு எதிரே உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். நிறம் மாறியது புது இலையிலா, அடி இலையிலா? ஒரே செடியிலா, பக்கத்துச் செடிகளிலும் உண்டா? மாறிய நிறத்தின் எல்லை பேனாவால் கோடு போட்டதுபோல இருக்கிறதா, ஈரத்தில் மை ஊறியதுபோல மங்கி முடிகிறதா?

வந்தபோது நன்றாக இருந்த தட்டு, பிறகு முழுவதும் ஒரே சீராக மாறியிருந்தால் தண்ணீர், மண், வெளிச்சம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஐம்பது செடிகள் ஒரே வாரத்தில் சேர்ந்து பிறவி மாற்றம் அடைவதில்லை. ஆய்வகத்திலேயே தவறு நேர்ந்திருந்தால் முதல் சில இலைகளிலிருந்தே அது தெரியத் தொடங்கியிருக்கும்.

இன்னொன்று. நாற்று மிகவும் சிறியதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். அக்லோனிமா, கலாடியம் போன்றவை முதல் நான்கைந்து இலைகள் வரை தங்கள் முழு நிறத்தைக் காட்டுவதில்லை. வெளிறிய பச்சையில் வந்த சிவப்பு அக்லோனிமா, இரண்டு மாதத்தில் ஆறாவது இலையை விரித்துச் சிவந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

எங்கள் பகுதியில் அதிகம் வரும் புகார் இதுதான். வெளிர் மஞ்சள் இலையில் பச்சை நரம்புகள் வலை பின்னியதுபோல ஓடும். பார்க்க அழகாகவே இருக்கும். அதனால்தான் இதைப் புது ரகம் என்று நம்பி ஏமாறுகிறார்கள். தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஓர் அக்கா ஒரு சின்கோனியம் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, "தம்பி, இது வலைப்பின்னல் ரகமாக மாறிவிட்டது, பதியன் எடுத்துத் தா" என்றார். அந்தச் செடிக்கு இரும்புச் சத்து கிடைக்கவில்லை.

முதல் சோதனை, மணல். தொட்டிக் கலவையில் எந்த மணலைச் சேர்த்தீர்கள்? மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்து மணலில் பவளத் துணுக்கும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். இரண்டும் சுண்ணாம்புதான். நன்கு காய்ந்த மணல் ஒரு தேக்கரண்டி எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, சமையலுக்கு விற்கும் வினிகரை அது நனையும் அளவு ஊற்றுங்கள். கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோனால், சுண்ணாம்பு இருக்கும் மணல் சோடா திறந்தபின் வரும் இரைச்சலைப் போல மெல்லச் சீறும். உற்றுப் பார்த்தால் மணலுக்கு நடுவிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழ்கள் வரிசையாக மேலே வரும். அந்தக் கலவையில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. செடியை எடுத்து, வேரில் ஒட்டிய மணலை மழைநீரில் அலசி, கழுவிய தென்னை நார்க் கழிவும் மட்கிய இலை உரமும் கலந்த புதுக் கலவைக்கு மாற்றுங்கள். வடிகாலுக்குக் கரித்துண்டு அல்லது உடைத்த ஓட்டுச்சில்லு போதும்.

மணல் சீறவில்லையென்றால் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கார்பனேட் உப்புகள் அதிகமிருந்தால் இதே அறிகுறி வரும். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுகிறதா, தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை வளையம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கார அமில அளவு (பிஎச்) காட்டும் தாள் மருந்துக் கடையிலோ மீன் தொட்டிக் கடையிலோ கிடைக்கும். சின்கோனியம், அக்லோனிமா சேர்ந்த சேம்புக் குடும்பத்துச் செடிகளுக்குக் கலவையில் 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். 7.5க்கு மேல் போனால் மேலே சொன்ன வலைப்பின்னல் தோன்றும்.

உடனடி மருந்து. இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஈடிடிஏ வகை இரும்பு உரம் மலிவானது, எங்கும் கிடைக்கும். ஆனால் காரத்தன்மை ஏறிய மண்ணில் ஊற்றினால் சீக்கிரம் பயனற்றுப்போகும். மண்ணில் ஊற்றுவதற்கு ஈடிடிஎச்ஏ வகை என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும், காரத்தைத் தாங்கும். இலையில் தெளிப்பதென்றால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும். லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியுடன் 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்துப் பாருங்கள். மறுநாள் அது கருகாமல் இருந்தால் மற்ற இலைகளுக்கும் தெளிக்கலாம். புதிதாக விரியும் இலை பச்சையாக வந்தால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பழைய இலை முழுதாகத் தேறாமலும் போகலாம், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இதே வலைப்பின்னல் அடி இலையில் வந்தால் அது மெக்னீசியக் குறை. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். அடி இலை நரம்போடு சேர்ந்து முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, அல்லது தொட்டியில் நீர் தேங்கி வேர் அழுகுகிறது. செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பார்த்துவிட்டே உரம் போடுங்கள்.

எப்போது வெளியே கேட்க வேண்டும்? கலவையை மாற்றி, இரும்பும் கொடுத்து, மூன்று புது இலை வந்தபின்னும் மஞ்சள் போகவில்லையென்றால் தண்ணீரையும் கலவையையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள்.

## அறிகுறி: நுனியும் விளிம்பும் கருகி, இலையின் நிறம் மங்கல்

உப்பு. வேறு எதையும் நினைக்கும் முன் உப்பை நினையுங்கள். இங்கே அது மூன்று வழியில் வருகிறது.

காற்றில் வருவது முதலாவது. வைகாசியில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் கடலை ஒட்டிய வீடுகளில் மேற்கும் தெற்கும் பார்த்த இலைகள் மட்டும் கருகும். கருகல் செடியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் காற்றுதான் காரணம். இலையை நாக்கால் தொட்டாலே கரிக்கும். அந்தப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுங்கள். காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். செலவு அவ்வளவுதான்.

தென்னை நார்க் கழிவில் வருவது இரண்டாவது. உப்பங்கழி நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த நார்க் கழிவைக் கழுவாமல் பயன்படுத்தினால் இளநாற்று ஒரு மாதத்தில் வெளிறிவிடும். நான் மூன்று தண்ணீரில் கழுவுகிறேன். பிறகு 10 லிட்டர் நீரில் 50 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி ஒரு முறை அலசுகிறேன். கழுவி வடியும் நீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து, ஊற்றிய நீரைவிட 100, 150 பிபிஎம் மட்டுமே கூடுதலாகக் காட்டும்வரை விடுவதில்லை.

மூன்றாவது, பாசன நீர். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். செடி வாங்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள். 400 வரை எந்தச் செடிக்கும் கவலையில்லை. 700ஐத் தாண்டினால் கலாத்தியாவும் ஆந்தூரியமும் விளிம்பில் பழுக்கும். 1,000க்கு மேல் மருளும் (ஸ்னேக் பிளாண்ட்) போகன்வில்லாவும் தாங்கும், மற்றவை தாங்காது. ஒரே கிணறு மழைக்காலத்தில் ஒன்றும் சித்திரையில் இரண்டு மடங்கும் காட்டும் என்பதால், ஒருமுறை அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

தொட்டிக்குள் உப்பு சேர்ந்திருக்கிறதா என்று அறிய, வழக்கம்போல நீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மழைநீர் 100 மில்லி ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து அளந்து பாருங்கள். 1,500ஐத் தாண்டினால் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும்.

நல்ல நீர் எங்கே என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சேமிப்பதுதான் வழி. 100 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 900 லிட்டர். வீணாவது போக 700 லிட்டராவது தேறும். ஊருணி நம்பியே வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிறு செடித் தோட்டத்துக்குச் சவ்வூடு வடிகட்டி (ஆர்.ஓ.) இயந்திரம் கடைசிச் செலவு. மழைத்தொட்டி கட்டிப் பார்த்தும் போதவில்லை என்ற பிறகே அதைப் பற்றி யோசியுங்கள்.

டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் இரண்டில் மட்டும் நுனி கருகி, டிடிஎஸ் சரியாக இருந்தால், சூப்பர் பாஸ்பேட் போட்டீர்களா என்று பாருங்கள். அதிலுள்ள ஃபுளோரைடு அவற்றுக்கு ஆகாது.

## அறிகுறி: ஓரிரு செடிகள் மட்டும் வேறு நிறம், எல்லை கூர்மையாக இருக்கிறது

உண்மையான பிறவி மாற்றம் இதுதான். ஒரு துணுக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கும்போது, வளர்ச்சி ஊக்கி கூடினாலும் மறுவளர்ப்புச் சுற்றுகள் (பெருக்கியதைப் பிரித்து மறுபடி பெருக்குவது) நீண்டாலும் ஒரு சில நாற்றுகள் தாயைப் போல இராமல் பிறக்கின்றன. உரம் போட்டு இதை மாற்ற முடியாது. கத்திதான் மருந்து. எங்கே வெட்டுவது என்பது அறிகுறியைப் பொறுத்தது.

### ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை அல்லது மஞ்சள்

இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். இலைக்காம்பை மெல்ல ஒதுக்கினால், கணுவில் அரிசி நுனி அளவில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். தண்டில் ஓடும் வெள்ளைக் கோடு அந்த மொட்டின் நடுவே போகிறதா, பக்கவாட்டில் ஒதுங்கிப் போகிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். கோடு மொட்டைப் பாதியாகப் பிரித்தால் அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரு நிறமும் கலந்த கிளை வரும். மொட்டு முழுவதும் பச்சைப் பகுதியில் இருந்தால் பச்சைக் கிளையே வரும். வெள்ளைப் பகுதியில் இருந்தால் வெள்ளைக் கிளை, அது தனியே வாழாது. ஒரு சின்கோனியத்தில் இப்படி மூன்று கணுக்களைத் தள்ளி நான்காவதைத் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்து வந்த கிளை பச்சையும் வெள்ளையுமாகப் பத்து இலைக்கு மேல் நிலைத்து நிற்கிறது.

### இரு நிறச் செடி முழுப் பச்சையாகிவிட்டது

முதலில் வெளிச்சம். வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடமில்லாமல் இலை பச்சையைத்தான் கூட்டும். ஜன்னலருகே மாற்றி மூன்று இலைகள் வரும்வரை பொறுங்கள். நிறம் திரும்பினால் வேலை முடிந்தது.

திரும்பாவிட்டால், கடைசியாக இரு நிறம் காட்டிய இலையின் கணு வரை வெட்டிவிடுங்கள். பச்சைக் கிளையை இரக்கப்பட்டு விட்டுவைக்காதீர்கள். பச்சையம் அதிகமுள்ள அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

அடியிலிருந்தே பச்சை என்றால் கூட்டுத் திசு, அதாவது இரு நிறத் திசுவும் சேர்ந்திருந்த அமைப்பு, பிரிந்துபோய்விட்டது. மஞ்சள் விளிம்பு மருளில் இதை எளிதாகப் பார்க்கலாம். இலையைத் துண்டாக வெட்டி நட்டால் பச்சைக் குட்டி வரும், கிழங்கோடு பிரித்து நட்டால் மஞ்சள் விளிம்பு நிற்கும். ஆய்வகத்திலும் அதே விதிதான். ஏற்கனவே இருக்கும் கணு மொட்டிலிருந்து பெருக்கினால் நிறம் பெரும்பாலும் நிற்கும், உருவமில்லாத திசுத்திரளிலிருந்து (கேலஸ்) புதிதாக முளைக்கவைத்தால் பிரியும். ஆகவே நாற்று வாங்கும்போது எந்த முறையில் பெருக்கினீர்கள், எத்தனை சுற்று என்று கேளுங்கள். வாழையில் எட்டுச் சுற்றுக்குள் நிறுத்துவது வழக்கம். அழகுச் செடியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்க வேண்டும்.

மான்ஸ்டெராவில் தாய்லாந்து வழி வந்த புள்ளி ரகம் திசு வளர்ப்பிலேயே உருவானது, நிறம் நிலையாக இருக்கும். வெள்ளைப் பட்டை ரகம் அப்படியல்ல. இரண்டுக்கும் ஒரே உறுதிமொழி கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

### முழு வெள்ளை நாற்று

ஆய்வகக் குடுவையில் சர்க்கரை கிடைத்ததால் உயிரோடு இருந்தது. வெளியே வந்தால் தனக்கான உணவை அதனால் தயாரிக்க முடியாது. எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் பிழைக்காது. பணம் கொடுத்து வாங்காதீர்கள்.

### மாற்றம் அழகாக இருக்கிறது

தூக்கிப் போடாதீர்கள். கடைகளில் உள்ள பல சின்கோனியம் ரகங்கள் திசு வளர்ப்பில் தானாக வந்த மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து உருவானவை. தனித் தொட்டியில் வைத்து, பதியன் எடுத்து, அந்தப் பதியனிலிருந்து மறுபதியன் எடுத்து, மூன்று தலைமுறை அதே நிறம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் தேதியோடு புகைப்படம் எடுத்துவையுங்கள். நின்றால் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிப் பேசலாம்.

## அறிகுறி: தெளிவில்லாத வெளிர்த் திட்டுகள், இலை சுருங்கல்

பிறவி மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது இது. மாற்றத்தில் கோடு கணுவுக்குக் கணு ஒரே வரிசையில் இறங்கும். இதில் ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

முதலில் வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன் அல்லது இலைப்பேன். கச்சான் காலத்து வறண்ட காற்றில் இவை பெருகும். இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, மாலையில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, சோப்புக் கரைசல் சில துளிகள் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

தாளில் ஒன்றும் நகரவில்லை, நரம்பை ஒட்டி இறகு விரித்ததுபோல வெளிர்நிறம், புது இலை கோணல் என்றால் தேமல் வைரஸ். அக்லோனிமா, டைஃபன்பாக்கியா, கலாடியம் எல்லாம் நம் சேம்பின் உறவுகள். சேம்பைத் தாக்கும் தேமல் வைரஸ் இவற்றையும் தாக்கும். அசுவினி வழியாகவும் வெட்டுக் கத்தி வழியாகவும் பரவும். வெயில் ஏறும் மாதங்களில் அறிகுறி மறைந்து, குணமானதுபோலத் தோன்றி, மறுபடி வரும். மருந்து கிடையாது. சந்தேகம் வந்த அன்றே செடியைத் தனியே வையுங்கள். உறுதியானால் எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் நெருப்பில் காட்டுங்கள். சாராயத் துடைப்பு வைரஸுக்குப் போதாது.

ஒரு செடி என்றால் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு தட்டுக்கு மேல் பரவியிருந்தால், அல்லது நீங்கள் விற்பவராக இருந்தால், அப்போது வைரஸைக் கண்டறியும் எலைசா சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புச் செடிகளுக்குச் சான்றளிப்பு முறை நடத்துகிறது. வைரஸ் இல்லை என்பதையும் தாய்ச் செடியோடு மரபு ஒத்துப்போவதையும் சோதிப்பது அதன் வேலை. அடுத்த கொள்முதலுக்கு முன் அந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

## அறிகுறி: சிவப்பும் இளஞ்சிவப்பும் மங்கிவிட்டன

சித்திரை வைகாசியில் மங்கினால் வெப்பம். ஆவணிக்குப் பின் வரும் இலைகளைப் பாருங்கள். தழைச்சத்து உரம் கூடினாலும் பச்சை ஏறும். யூரியாவை நிறுத்திப் பாருங்கள். நேர்வெயில் படும் இடமென்றால் 75 சதவீத நிழல்வலை போடுங்கள்.

ஃபிலோடென்ட்ரானில் காங்கோ இளஞ்சிவப்பு என்று விற்கப்பட்டது, ஓர் ஆண்டுக்குள் பச்சை இலையாகவே விட்டால் உங்கள் வளர்ப்பில் குறையில்லை. அந்த நிறம் வேதிப்பொருள் கொடுத்து வரவழைத்தது, திரும்ப வராது. பிங்க் பிரின்சஸ் ரகம் வேறு. அதில் மங்கினால் மேலே சொன்ன கணு வெட்டு முறைதான்.

## அறிகுறி: இலை கண்ணாடிபோல நீர் கோத்து, ஒளி ஊடுருவுகிறது

குடுவையிலிருந்து வந்த முதல் வாரத்தில் மட்டும் வருவது. அந்த இலைகளுக்கு மேல்தோல் மெழுகு போதாது. நம் ஊர் வெயிலில் ஒரே நண்பகலில் வெளிறிப்போகும். நாற்றுகளைப் பாலிதீன் கூடாரத்துக்குள் வைத்து, நான்கு முதல் ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். புது இலை தடித்து மங்கலாக வந்தால் செடி பிழைத்தது. தட்டில் பாதிக்கு மேல் கண்ணாடி இலையாக வந்திறங்கினால் பெட்டி திறந்த அன்றே புகைப்படம் எடுத்து அனுப்பிய ஆய்வகத்திடம் மாற்று நாற்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் உங்கள் வெயில்தான் காரணம் என்பார்கள். ஓர் ஆய்வகம் எனக்கு அப்படித்தான் பதில் சொன்னது.

## நிபுணரிடம் போகும்போது

ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உப்பு, தண்ணீர் பற்றிய சந்தேகத்துக்கு அங்கே போங்கள். பறித்த இலையை மட்டும் கொண்டுபோனால் பாதி வழியிலேயே வாடிவிடும். தொட்டியோடு ஒரு நோயுற்ற செடி, அதே தட்டிலிருந்து நல்ல செடி ஒன்று, நீங்கள் ஊற்றும் தண்ணீர் ஒரு லிட்டர், கலவை இரண்டு கைப்பிடி, வாங்கிய தேதியும் கடைசியாகப் போட்ட உரமும் எழுதிய சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். வைரஸ் என்று சந்தேகித்தால் செடியைத் திறந்து கொண்டுபோகாமல் பாலிதீன் பையில் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள்.